ஆவணப்படத்துக்குப் பின்னணி இசை: நீர்ப்பாய்ச்சி பேசும்போது என்ன வாசிப்பது?

கண்மாய்க்கரை எழுதியது:

வணக்கம். சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாயையும் அதன் நீர்ப்பாய்ச்சியையும் பற்றி நண்பர் ஒருவர் ஆவணப்படம் எடுத்திருக்கிறார். 52 நிமிடம். இசை என் பொறுப்பு. மேடை நாடகங்களுக்கும் சில குறும்படங்களுக்கும் இசையமைத்திருக்கிறேன். ஆவணப்படம் இதுவே முதல்.

படத்தின் உயிர் நடுவில் வரும் 4 நிமிடக் காட்சி. எழுபது வயதைக் கடந்த நீர்ப்பாய்ச்சி ஐயா மேலக்கரையில் உட்கார்ந்து பேசுகிறார். எந்த மடையை எவ்வளவு நேரம் திறந்தால் கடைமடை வயல் நனையும் என்பது அவர் மனத்தில்தான் இருக்கிறது; எந்த ஏட்டிலும் இல்லை. அறுப்பு முடிந்து களத்தில் அளந்து கொடுக்கும் நெல்தான் கூலி. மகன் திருப்பூருக்குப் போய்விட்டான். மடையைத் திருகும் சாவியை மடியில் வைத்துக்கொண்டு, "இதை யார் கையில் கொடுப்பது?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருக்கிறார்.

படத்தொகுப்பின்போது இயக்குநர் இந்தக் காட்சிக்கு அடியில் தற்காலிகமாக ஒரு வெளிநாட்டு வயலின் கூட்டிசையைப் போட்டு வைத்தார். மூன்று மாதம் அதோடு பார்த்துப் பழகிவிட்டார். இப்போது "இதைப் போலவே வேண்டும்" என்கிறார். மூன்று விதமாக எழுதிக் கொடுத்தேன். மூன்றும் அந்த வெளிநாட்டு இசையின் மங்கிய நகல்கள், எனக்கே பிடிக்கவில்லை.

இன்னொரு கேள்வி. கண்மாய் நிறைந்து மறுகால் பாயும் (மிகுநீர் வழிந்தோடும்) காட்சிக்கு நையாண்டி மேளம் (நாயனம், தவில், பம்பை சேர்ந்த நாட்டுப்புற மேளம்) வேண்டும் என்று நினைக்கிறேன். கலைஞர்களை மதுரையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைப்பதா, நாமே ஊருக்குப் போய்ப் பதிவு செய்வதா? இசைக்கென்று இருப்பது மொத்தம் 80,000 ரூபாய்.

வெட்டுமேசை எழுதியது:

நான் படத்தொகுப்பாளர். தற்காலிக இசையைப் போடும் பழக்கம் எங்களுடையது என்பதால் அதைப் பற்றி நானே சொல்கிறேன்.

இயக்குநரோடு வாதாட வேண்டாம். அந்த இசை எந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். நான்கு நிமிடப் பேச்சு ஒரே ஓட்டமாக வந்திருக்காது. ஐந்தாறு இடங்களில் வெட்டி ஒட்டியிருப்பார்கள். வெட்டுகிற இடத்தில் பேச்சு சேர்ந்துவிடும். பின்னணியில் இருக்கும் காற்றும் தவளையும் சேராமல் துள்ளும். அந்தத் துள்ளலைக் காது உடனே பிடித்துவிடும். படத்தொகுப்பாளர் அதை மறைக்க ஓர் இசைத்தடத்தைக் கீழே விரித்துவிடுவார். பிறகு எல்லோரும் அதை உணர்ச்சி என்று எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

இசைத்தடத்தை அடைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அந்த 4 நிமிடத்தைக் கேளுங்கள். எத்தனை இடத்தில் துள்ளுகிறது என்று எண்ணிச் சொல்லுங்கள்.

கண்மாய்க்கரை எழுதியது:

எண்ணினேன். ஆறு வெட்டு. நான்கு இடங்களில் தெளிவாகத் துள்ளுகிறது. பாதிப் பேச்சு காலையிலும் பாதி மாலையிலும் எடுத்ததாம். மாலையில் தவளைகள், காலையில் வெறும் காற்று.

நீங்கள் சொன்னது முற்றிலும் சரி, ஐயா. மூன்று முறை எழுதியும் ஏன் வரவில்லை என்பது இப்போதுதான் புரிகிறது. நான் ஒரு மனிதரின் துயரத்துக்கு இசை எழுதுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்; உண்மையில் கிழிசலுக்கு ஒட்டுப் போடச் சொல்லியிருக்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், ஒலிப்பதிவு செய்தவர் அந்த இடத்தின் வெற்று ஒலியைத் தனியாக எடுத்து வைக்கவில்லை. படம் எடுத்தது மார்கழியில். இப்போது சித்திரை. கண்மாயில் குட்டையாகத்தான் தண்ணீர் கிடக்கிறது. தவளைக்கு எங்கே போவது?

மிக்ஸிங் மேசை எழுதியது:

எங்கும் போக வேண்டாம். வெட்டாத மூலப் பதிவுகளைக் கேட்டு வாங்குங்கள். கேள்வி கேட்பவர் யோசிக்கும் இடைவெளி, ஐயா வெற்றிலை போடும் நேரம், கேமராவைச் சரிசெய்யும் நேரம், இவற்றில் எல்லாம் பேச்சில்லாத மூன்று நான்கு விநாடிகள் கிடைக்கும். பொறுக்கிச் சேர்த்தால் அரை நிமிடத்துக்குக் குறையாது.

ஒரே துண்டைச் சுழல விடாதீர்கள். ஒரு குறிப்பிட்ட தவளை அதே இடத்தில் திரும்பத் திரும்பக் கத்தினால் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். நான் செய்வது இது: 17 விநாடியில் ஒரு துண்டு, 23 விநாடியில் ஒரு துண்டு, இரண்டையும் மேலும் கீழுமாகச் சுழல விடுவேன். இரண்டும் ஒரே இடத்தில் மறுபடி சந்திக்க 391 விநாடி, அதாவது ஆறரை நிமிடம் ஆகும். உங்கள் காட்சி நான்கே நிமிடம். துண்டுகள் சேரும் முனைகளில் ஒன்று தேய்ந்து மற்றது எழும்படி விட்டால் போதும்.

எல்லாத் துண்டுகளும் ஒரே மைக்கில் பதிவானவையா என்று பாருங்கள். சட்டையில் குத்திய மைக்கின் காற்றும் கோலில் பிடித்த மைக்கின் காற்றும் ஒன்றாக இருக்காது.

சுருதிப்பெட்டி எழுதியது:

இந்த உரையாடல் இழை நல்ல திசையில் போகிறது. ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "இயல்பான ஒலியே போதும், இசையே வேண்டாம்" என்று முடித்துவிடாதீர்கள், தம்பி. ஆவணப்படத்துக்கு இசை எழுதுவது ஒரு பெரிய மரபு; அதைத் தெரிந்துகொண்டு பிறகு எதை விடுவது என்று முடிவு செய்யுங்கள்.

1936இல் பிரிட்டன் அஞ்சல் துறையின் திரைப்படப் பிரிவு இரவு அஞ்சல் ரயிலைப் பற்றி 'நைட் மெயில்' எடுத்தது. இசையமைத்தவர் பெஞ்சமின் பிரிட்டன். அப்போது அவருக்கு 22 வயது. சின்னஞ்சிறு குழுதான் கிடைத்தது. உப்புத்தாளைத் தேய்ப்பதையும் காற்று எழுப்பும் கருவியையும் இசைக் குறிப்பிலேயே எழுதிச் சேர்த்து ரயிலை வரவழைத்தார். அந்த ஓட்டத்தின் மேல்தான் கவிஞர் டபிள்யூ. எச். ஆடனின் கவிதை சக்கரத்தின் வேகத்தோடு வருகிறது.

1948இல் ராபர்ட் ஃபிளாஹர்டியின் 'லூசியானா ஸ்டோரி'. சதுப்பு நிலத்துச் சிறுவனும் எண்ணெய் தோண்டும் இயந்திரமும். வர்ஜில் தாம்சன் அந்த வட்டாரத்தில் பிரெஞ்சு பேசும் மக்களின் நாட்டுப்பாடல்களை எடுத்து இசைக்குழுவுக்கு எழுதினார். 1949இல் அந்த இசைக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஆனால் நான் மாணவர்களுக்கு மறுபடி மறுபடி போட்டுக் காட்டுவது இசை இல்லாத இடத்தை. எண்ணெய்க் கோபுரத்தில் தோண்டும் காட்சியில் ஒரு வயலின்கூடக் கிடையாது. சங்கிலியும் குழாயும் எழுப்பும் ஓசைகளைப் பொறுக்கி அடுக்கி அந்தக் காட்சியையே ஓர் இசைத் துண்டாக ஆக்கியிருப்பார்கள். அவ்வளவு நல்ல இசையமைப்பாளர் கையில் இருந்தும் அங்கே அவரை வாசிக்க விடவில்லை.

உங்கள் படத்தில் மடையைத் திருகும் ஓசை இருக்கிறது அல்லவா? துரு ஏறிய திருகு, பிறகு பலகைக்கு அடியில் தண்ணீர் இரைவது. அதைத் தனியாக, பக்கத்தில் வைத்துப் பதிவு செய்தீர்களா?

இனி வேலைக்கான கணக்கு. மனிதர் பேசும்போது நாயனம் கூடவே கூடாது. பேச்சில் மெய்யெழுத்துகள் தெளியும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில்தான் நாயனமும் தன் முழு வலுவோடு நிற்கிறது. வயலின் கூட்டமும் அங்கேதான் மோதுகிறது. பேச்சுக்கு அடியில் ஏதாவது வேண்டுமென்றால் தவிலின் தொப்பி எனும் இடப்பக்கத்துத் தாழ்ந்த ஒலி, அல்லது வெறும் சுருதி. அதையும் அவர் மூச்சு விடும் இடத்தில் தொடங்குங்கள்.

மறுகால் காட்சி எவ்வளவு நேரம்?

கண்மாய்க்கரை எழுதியது:

1 நிமிடம் 36 விநாடி, ஐயா. மடை ஓசையைத் தனியாக எடுக்கவில்லை. எடுக்கிறேன்.

சுருதிப்பெட்டி எழுதியது:

96 விநாடி. விநாடிக்கு ஓர் அட்சரம் (தாள எண்ணிக்கை) என்றால், எட்டு அட்சரம் ஒரு சுற்றாக வரும் ஆதி தாளத்தில் சரியாக 12 ஆவர்த்தனம் (சுற்று). ஆனால் பாயும் தண்ணீருக்கு அது மந்தம். நிமிடத்துக்கு 72 அட்சரம் வைத்தால் 14 ஆவர்த்தனம் போக மூன்று அட்சரம் மிஞ்சி இடிக்கும். 70க்கு இறக்கினால் 112 அட்சரம், 14 ஆவர்த்தனம், துல்லியமாக முடியும். இரண்டு எண் குறைத்தது எவருக்கும் தெரியாது. தீர்மானம் (தாளத்தை முடித்துவைக்கும் கோவை) மட்டும் தண்ணீர் கலுங்கை (மிகுநீர் வழியும் கட்டை) தாண்டி விழும் சட்டகத்தில் (ஃபிரேமில்) இறங்கும்.

தப்பிசை எழுதியது:

பெரியவர் கணக்கை மதிக்கிறேன். ஆனால் நான் அடிக்கிறவன். அடிக்கிற பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

எங்களைக் காதில் கிளிக் (வேகம் காட்டும் தாளத் தட்டல்) மாட்டி, கண்ணாடி அறையில் தனித்தனியாக நிறுத்தி வாசிக்கச் சொல்லாதீர்கள். நையாண்டி மேளத்தில் தவிலும் பம்பையும் ஒன்றையொன்று பார்த்துத்தான் ஓடுகின்றன. நாயனக்காரர் தோளை உயர்த்தினால் அடுத்தது என்ன என்று எங்களுக்குத் தெரியும். வேகம் சற்று ஏறும். ஏறத்தான் வேண்டும். 70இல் தொடங்கி 70இலேயே முடிகிற மேளத்தை எந்தக் கோயில் வாசலிலும் கேட்டதில்லை.

குளிர்பதன அறை இன்னொரு தொல்லை. தப்புப் பறையைத் தீயில் காய்ச்சித்தான் சுருதிக்குக் கொண்டுவருகிறோம். மாடிக் கட்டடத்தில் வைக்கோல் கொளுத்த விடுவார்களா? ஒருமுறை நகரத்தில் ஒரு கூடத்தில் மேசை விளக்கைக் காட்டிச் சூடாக்கச் சொன்னார்கள். காலை பத்து மணிக்குப் போனவர்கள் மாலை வரை 'தொப் தொப்' என்று அடித்துவிட்டு வந்தோம். அந்தப் பதிவை இன்றும் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

ஊருக்குப் போங்கள். களத்துமேட்டில் வாசிக்கச் சொல்லுங்கள்.

வெட்டுமேசை எழுதியது:

தப்பிசை சொல்வது நியாயம். ஆனால் மறுகால் காட்சியின் தொகுப்பு முடிந்து பூட்டியாகிவிட்டது என்றால் 96 விநாடிக்கு மேல் ஒரு சட்டகம்கூடக் கூட்ட முடியாதே?

சுருதிப்பெட்டி எழுதியது:

பூட்டைத் திறக்கச் சொல்லுங்கள். பிலிப் கிளாசும் காட்ஃப்ரி ரெஜியோவும் சேர்ந்து செய்த 'கொயானிஸ்காட்ஸி' (1982) பேச்சே இல்லாத படம். அங்கே இசை படத்துக்காகவும் படம் இசைக்காகவும் மாறிமாறித் திருத்தப்பட்டன. தப்பிசை சொன்ன பிறகு என் கணக்கைப் பின்வாங்கிக்கொள்கிறேன். மேளத்தை அதன் போக்கில் ஐந்து நிமிடம் வாசிக்கவிட்டு, அதிலிருந்து சிறந்த பகுதியை எடுத்து, தண்ணீரை அதற்கேற்ப வெட்டுங்கள். தண்ணீர்க் காட்சிக்கு மூலப் படம் நிறைய இருக்கும். அதை நகர்த்துவது மேளத்தை நகர்த்துவதைவிட எளிது.

நாட்டார்வழி எழுதியது:

தம்பி, ஊருக்குப் போவதானால் சிலவற்றை முன்கூட்டியே செய்துவிடுங்கள். இருபது ஆண்டுகளாக வழக்காறுகளைப் பதிவு செய்துவருகிறேன். சொல்வது அந்தப் பழக்கத்தில்.

பணத்தை வாசிப்பதற்கு முன்பே பேசி, அன்றே கையில் கொடுங்கள். "படம் விற்ற பிறகு" என்ற பேச்சு வேண்டாம். ஒரு பக்கத்தில் தமிழில் ஒப்பந்தம் எழுதி அதை உரக்கப் படித்துக் காட்டுங்கள். பரம்பரையாக வரும் மெட்டுக்குத் தனி உரிமையாளர் இல்லை என்பதால் வாசிப்பவருக்கும் உரிமை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு நிகழ்த்துநருக்கு உரிமை தருகிறது. அது 50 ஆண்டு நீடிக்கிறது. ஆவணப்படத்துக்கு மட்டும் பயன்படுத்துவீர்களா, பாட்டாகத் தனியே வெளியிடுவீர்களா என்பதை அந்தத் தாளிலேயே எழுதுங்கள்.

படத்தின் முடிவில் வரும் பெயர்ப் பட்டியலை இப்போதே முடிவு செய்யுங்கள். நான் உடன் உழைத்த ஒரு படத்தில் வயலின் வாசித்த நால்வருக்கும் பெயர் போட்டார்கள். ஊரில் விடிய விடிய வாசித்த ஒன்பது பேரைக் "கிராமியக் கலைஞர்கள்" என்ற ஒரே வரியில் அடைத்துவிட்டார்கள். ஒன்பது பேருக்கும் பெயர் இருக்கிறது. இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது.

இன்னொன்று. சோகக் காட்சி இருக்கிறது என்றால் அடுத்து இயக்குநர் ஒப்பாரி கேட்பார். கேட்டாரா?

கண்மாய்க்கரை எழுதியது:

நேற்றுத்தான் கேட்டார், அக்கா. நீர்ப்பாய்ச்சி ஐயா சாவியைப் பார்க்கும் இடத்தில் ஒரு பெண் குரலில் ஒப்பாரி வேண்டுமாம்.

நாட்டார்வழி எழுதியது:

மறுத்துவிடுங்கள். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடப் பெண்கள் ஒப்புவதில்லை. குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். என்னிடம் பாடிக் காட்டிய அம்மா ஒருவர் வீட்டை விட்டு வெளியே, ஊர் எல்லையைத் தாண்டி ஒரு மரத்தடிக்கு அழைத்துப் போய்த்தான் பாடினார். பாடி முடித்ததும் முகம் கழுவிவிட்டுத்தான் ஊருக்குள் வந்தார். அதைவிட முக்கியம், ஐயா உயிரோடு இருக்கிறார். உயிரோடு இருப்பவர் முகத்தின் மேல் ஒப்பாரி ஒலித்தால் அந்தப் படத்தை அவர் வீட்டார் எப்படிப் பார்ப்பார்கள்? இயக்குநரிடம் இதையே சொல்லுங்கள்.

பெண் குரல் வேண்டுமென்றால் குலவை இருக்கிறது. கண்மாய் நிறைந்து பூசை போடும்போது பெண்கள் கூடிக் குலவையிடுவார்கள். மறுகால் காட்சியில் அதை மேளத்துக்கு முன்னால் வையுங்கள்.

மிக்ஸிங் மேசை எழுதியது:

ஊருக்குக் கிளம்பும் முன் சில வரிகள். பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் இருக்கட்டும். மேளத்தின் உச்சம் -12 டெசிபலைத் தொடும் அளவில் வைத்தால் போதும். திடீரென்று ஓர் அடி எகிறினாலும் ஒலி உடையாது. இரண்டு மைக் ஜோடியாக ஐந்தாறு அடி தள்ளி, ஆள் உயரத்துக்கு மேலே. நாயனத்துக்குத் தனியாக ஒன்று. சீவாளிக்கு (வாயில் வைத்து ஊதும் நாக்குக்கு) நேராக வைக்காமல் குழலின் நடுப்பகுதியைப் பார்த்தபடி. எல்லாம் முடிந்ததும் அனைவரையும் ஒரு நிமிடம் அசையாமல் நிற்கச் சொல்லி அந்த இடத்தின் ஒலியை எடுங்கள். இந்த இழை தொடங்கியதே அந்த ஒரு நிமிடம் இல்லாததால்தான்.

படத்தின் சட்டக வேகம் (விநாடிக்கு எத்தனை சட்டகம்) 25ஆ, 24ஆ, 23.976ஆ என்று எழுத்தில் வாங்குங்கள். கடைசி இரண்டும் ஒன்றுதானே என்று விட்டால் 52 நிமிடத்தில் 3 விநாடிக்கு மேல் விலகிவிடும். தொடக்கத்தில் சரியாகத் தெரியும். கடைசியில் உதடு ஒரு பக்கம், ஓசை ஒரு பக்கம் போகும்.

ஐரோப்பியத் தொலைக்காட்சிகளுக்கு அனுப்புவதாக இருந்தால் மொத்த ஒலியளவு -23 லஃப்ஸ் (LUFS, காதுக்குக் கேட்கும் ஒலியளவின் அலகு). இதை ஒலிக்கலவைக்கு முன்பே தெரிந்துகொண்டால் மேளத்தை எவ்வளவு உயர்த்தலாம் என்று தெரியும்.

கண்மாய்க்கரை எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

மூலப் பதிவுகளிலிருந்து 41 விநாடி பேச்சில்லாத ஒலி கிடைத்தது. 17, 23 கணக்கில் அதை விரித்து, இயக்குநருக்கு எதுவும் சொல்லாமல் போட்டுக் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "வயலின் எப்போது வரும்?" காட்சி முடிந்துவிட்டது என்றேன். மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது முறை பார்த்துவிட்டு "இப்படியே இருக்கட்டும்" என்றார். ஒப்பாரியைப் பற்றி அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மேளத்தைக் கண்மாய் அய்யனார் கோயில் திடலில் பதிவு செய்தோம். அதிகாலை ஐந்தரை மணி. ரோட்டில் வண்டி ஓடத் தொடங்கும் முன். தப்பைக் காய்ச்ச வைக்கோல் கொளுத்தினார்கள், அந்தச் சடசடப்பையும் பதிந்து வைத்திருக்கிறேன். கிளிக் இல்லை. ஆறு நிமிடம் வாசித்தார்கள். பின்னால் அளந்து பார்த்தேன்: 68இல் தொடங்கி 81இல் முடிந்திருக்கிறது. மறுகால் காட்சி இப்போது 1 நிமிடம் 52 விநாடி. தொகுப்பாளர் முதலில் கோபப்பட்டார். மேளத்தைக் கேட்டதும் அவரே உட்கார்ந்து வெட்டினார்.

நாயனத்தின் சுருதி இரண்டரைக் கட்டைக்குச் சற்று மேலே நின்றது, ஏறக்குறைய 20 சென்ட் (அரைச் சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு). முன்பே கீபோர்டில் எழுதி வைத்திருந்த சுருதியோடு சேரவில்லை. கலைஞரைத் தாழ்த்தச் சொல்ல எனக்கு மனமில்லை. என் கருவியை 440 ஹெர்ட்ஸிலிருந்து 445க்கு ஏற்றிக்கொண்டேன். எல்லாம் அதில் அடங்கிவிட்டது.

52 நிமிடத்தில் இசை மொத்தம் 11 நிமிடம்தான். மடை திருகும் ஓசையை மூன்று தொலைவிலிருந்து எடுத்தோம். படம் அதில்தான் தொடங்குகிறது. வாசித்த ஏழு பேரின் பெயரும் குலவையிட்ட ஐந்து அம்மாக்களின் பெயரும் ஒவ்வொன்றாக வருகின்றன.

நேற்று ஊர்த் திண்ணையில் வேட்டியைத் திரையாகக் கட்டி, நீர்ப்பாய்ச்சி ஐயாவுக்கும் வீட்டாருக்கும் போட்டுக் காட்டினோம். மகனும் திருப்பூரிலிருந்து வந்திருந்தான். ஐயா தான் பேசும் காட்சியைத் தலையைக் குனிந்தபடி கேட்டார், திரையைப் பார்க்கவில்லை. முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"நான் உட்கார்ந்திருப்பது மேலக்கரை. அங்கே ஏது பனை? ஓலைச் சத்தம் கேட்கிறதே. அது கீழமடையில் கேட்கும் சத்தம்."

மூலக் கோப்புகளை மறுபடி திறந்து பார்த்தேன். 23 விநாடித் துண்டில் ஒரு பகுதி வேறொரு நாள் கீழமடையில் எடுத்த பேட்டியின் இடைவெளியிலிருந்து வந்திருக்கிறது. கிட்டத்தட்ட 6 விநாடி. நான் அதைக் காற்று என்று நினைத்திருந்தேன். மிக்ஸிங் மேசை ஐயா, கலவை நாளை மறுநாள். அந்த 6 விநாடியை எடுத்துவிட்டால் துண்டு 17க்கு 17 ஆகிவிடுகிறது. மற்றதை 13ஆகக் குறைத்தால் 221 விநாடிதான் வருகிறது, காட்சிக்குப் போதவில்லை. மேலக்கரையில் எடுத்த பதிவிலேயே இன்னும் தேடவா, வேறு வழி இருக்கிறதா?

மிக்ஸிங் மேசை எழுதியது:

தேடுங்கள். ஒளிப்பதிவாளர் கேமராவிலேயே பதிவான ஒலித்தடத்தையும் கேட்டு வாங்குங்கள்; பேட்டிக்கு முன்னும் பின்னும் அவர் கரையைத் தனியாகப் படம் எடுத்திருப்பார். தரம் குறைவாக இருந்தாலும் தவளைக்குக் கீழே மெல்லிதாக வைக்கலாம், மேலக்கரைக் காற்றாக இருந்தால் போதும். கிடைத்ததை இன்று இரவே அனுப்புங்கள், விழித்திருக்கிறேன்.